பூஜையில் உட்கார்ந்த வைஃபை பெட்டி

வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் எழுத்து கோணல் மாணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எழுத உட்கார்ந்தால் முன்னால் நடந்தது பின்னாலும், பின்னால் நடந்தது முன்னாலுமாக வந்து நிற்கிறது. போன வாரம் இந்த மராட்டிச் சீமையில், ஆகுர்டியில் நாங்கள் முதலில் இருந்த வீட்டைப் பற்றி எழுதினேன். சமையலறையை ஓரிடத்தில் கிழக்கே வைத்திருக்கிறேன், இன்னோரிடத்தில் தெற்கே வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர்தான் கண்டுபிடித்தார். கிழக்குதான் சரி.

கோவில்பட்டியிலிருந்து ஒரு அம்மா எழுதிக் கேட்டிருந்தார். நெட், வைஃபை, ஃபைல் என்று அடிக்கடி எழுதுகிறீர்களே, அதெல்லாம் என்ன, மருமகளைக் கேட்டால் சிடுசிடுக்கிறாள், நீங்களே சொல்லிவிடுங்கள் என்று. என்னைப் போய்க் கேட்கிறார். எனக்குத் தெரிந்தது அத்தனையும் ஒரே நாளில் தெரிந்துகொண்டது. அதுவும் ஒரு சரஸ்வதி பூஜை அன்று, நெட்டை நாங்களே நிறுத்தி வைத்ததால். அந்த நாளையே சொல்லிவிடுகிறேன். அதில் பாடமும் வந்துவிடும்.

கொம்பில் குங்குமம்

இப்போது இருக்கும் வாகட் வீட்டு ஹாலில் வாழை இலை விரித்திருந்தோம். இலையில் என் தையல் மெஷினின் தலை. பக்கத்தில் கத்தரிக்கோல், அரிவாள்மனை, என் வீட்டுக்காரரின் ஸ்பானர்கள், மகள் மதியின் ஆபீஸ் லேப்டாப். லேப்டாப்பை மதியே முந்தின நாள் சந்தோஷமாகக் கொடுத்திருந்தாள். பூஜையில் இருக்கிறது, தொட முடியாது என்று ஆபீஸில் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா.

என் வீட்டுக்காரருக்கு இது போதவில்லை. இந்த வீட்டில் ரொம்ப உழைப்பது எது என்று யோசித்துக்கொண்டே சுற்றி வந்தார். மிக்ஸி காலையில் மட்டும்தான் உழைக்கிறது. ஃபிரிட்ஜை நிறுத்தினால் பால் கெட்டுப்போகும், அதற்கு விலக்கு. அப்புறம் அவர் பார்வை வாசல் பக்கம் செருப்பு அலமாரிக்கு மேலே போய் நின்றது. அங்கே இரண்டு கொம்போடு ஒரு வெள்ளைப் பெட்டி பச்சை பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"ஏளா, இது தூங்கி என்னைக்காவது பாத்திருக்கியா?"

நான் பார்த்ததில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தாலும் அது விழித்துக்கொண்டுதான் இருக்கும்.

"அப்ப இதுக்குத்தான் மொத மரியாத," என்று ஸ்விட்சை அணைத்து வயர்களைக் கழற்றிவிட்டார். அதோடு ஒட்டிப் பிறந்த மாதிரி கீழே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். ஒன்றை எடுத்து ஒன்றை விட்டால் பாவம் என்று அதையும் எடுத்தார். ஈரத் துணியால் துடைத்து விபூதி பூசினார். நான் சந்தனம் வைத்தேன். கொம்பு இரண்டின் நுனியிலும் குங்குமம் வைத்து நடுவில் ஒரு செவந்திப் பூவைச் செருகினேன். மாட்டுப் பொங்கலுக்கு ஜோடித்த கன்றுக்குட்டி மாதிரி அம்சமாக இருந்தது. சூடம் காட்டிக் கும்பிட்டோம்.

மதி அப்போது வீட்டில் இல்லை. ரவிக்கையை வாங்கிவர சிஞ்ச்வட் தையல்காரரிடம் போயிருந்தாள்.

எதற்கு அந்த ரவிக்கை

மதிக்கு அப்போது முப்பத்தாறு வயது. பார்க்க வந்தவர்கள் சிலர், பார்க்காமலே வேண்டாம் என்றவர்கள் பலர். கடைசியில் அவளே ஒருவரைப் பிடித்திருக்கிறது என்றாள். பெயர் சுந்தர். இங்கே பக்கத்தில் தளேகாவில் ஒரு ஆலையில் வேலை. அவளைவிட ஒன்றரை வயது இளையவர். அம்மா மட்டும்தான், திருச்சியில்.

அந்த அம்மாவுக்கு மனசில்லை. வயது ஒரு காரணம், நாங்கள் ஆலைத் தொழிலாளி குடும்பம் என்பது இன்னொன்று. மகன் ரொம்பக் கேட்டதால், சரஸ்வதி பூஜை நல்ல நாள், நாலு மணிக்கு வீடியோவில் அவர்களைப் பார்க்கிறேன், குடும்பப் படமெல்லாம் காட்டச் சொல், அதற்கப்புறம் என்னை வற்புறுத்தக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

"வேண்டாம்னு சொல்ல ஒரு காரணம் தேடுதாங்கம்மா. அந்தக் காரணம் நம்ம கையிலேருந்து போயிரக் கூடாது," என்று மதி என்னிடம் சொல்லியிருந்தாள். அவள் அப்படி எதையும் என்னிடம் கேட்கிற பெண் இல்லை.

அதற்குத்தான் அந்த ரவிக்கை.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

மதி வந்தாள். செருப்பு அலமாரியின் மேலே பார்த்தாள். அப்புறம் இலையைப் பார்த்தாள்.

"அப்பா, அத யாரு அங்க வச்சது?"

"நாந்தான் வச்சேன். ஏம், நல்லால்லயா?"

"நாலு மணிக்கு கால் இருக்குப்பா."

"அதுக்கு உன் போன் இருக்குல்லா. போன நான் வைக்கல."

ரூட்டர் இல்லாமல் போனில் எப்படி நெட் வரும் என்று மதி கேட்டாள். அந்த வெள்ளைப் பெட்டியின் பெயர் ரூட்டர் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். எங்கள் எதிரே ஒரு உயரமான கட்டடம் எழும்பியதிலிருந்து போன் சிக்னல் வீட்டுக்குள் வருவதில்லை. பால்கனியில் துணிக்கொடி மூலையில் ஒரு கோடு வரும். பேசலாம், முகம் பார்க்க முடியாது. கீழே போகலாம் என்றால் அங்கே தாண்டியா கோலாட்டத்துக்கு மைக் செட் போட்டு அலறவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போது மதி அப்பாவுக்குப் புரியவைக்க ஒன்று சொன்னாள். கோவில்பட்டி அம்மா இதைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

வெளியிலிருந்து நம் வீடு வரைக்கும் வருவது இன்டர்நெட். அது கார்ப்பரேஷன் தண்ணீர் மாதிரி, ஊர் முழுக்கப் பொது. வீட்டுக்குள் அறை அறையாகக் கொண்டுபோகிற குழாய்தான் வைஃபை. இந்தக் குழாய் கண்ணுக்குத் தெரியாது, காற்றிலேயே போகும். வயர் இழுத்தும் கொடுக்கலாம், அதை லேன் என்பார்கள். குழாய் இருந்தும் தண்ணீர் வராத நாள் உண்டு அல்லவா, அந்த மாதிரி வைஃபை இருந்தும் நெட் இல்லாத நாள் உண்டு.

ரூட்டர் எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டி கேட்டில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் மாதிரி. கூரியர்க்காரர் கட்டடத்தின் விலாசத்துக்குத்தான் வருகிறார். எந்தப் பார்சல் எந்த வீட்டுக்கு என்று பிரித்து அனுப்புவது வாட்ச்மேன். மதி போனுக்கு ஒரு நம்பர், லேப்டாப்புக்கு ஒரு நம்பர், டிவிக்கு ஒரு நம்பர் என்று வீட்டுக்குள் அது கதவு இலக்கம் போட்டு வைத்திருக்கிறது. ஐபி விலாசம் என்கிறார்கள்.

"அப்ப நாம வாட்ச்மேன தூக்கிட்டு வந்து மாலை போட்டு உக்கார வச்சிருக்கோம்," என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு அதில் ஒரு பெருமைதான்.

"ஆமாப்பா. கேட்ல யாரும் இல்ல."

கறுப்புப் பெட்டியைப் பற்றியும் கேட்டேன். அது ஹார்ட் டிஸ்க். எங்கள் வீட்டுப் படம், பத்திரம், மதியின் ஜாதகம் எல்லாம் அதற்குள் இருக்கிறது. ஒவ்வொரு படமும் ஒரு ஃபைல். பல ஃபைல்களைப் போட்டு வைக்கிற பை ஃபோல்டர். ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் இருக்கலாம். இது எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பெரிய கேரி பேக் தொங்கும், அதற்குள் கேரி பேக்குகள், அவற்றுக்குள்ளும் கேரி பேக்குகள். எல்லார் வீட்டிலும் உண்டு. எவ்வளவு கொள்ளும் என்பதை ஜிபி என்று அளக்கிறார்கள், நாம் படி என்கிற மாதிரி. ஆயிரம் ஜிபி சேர்ந்தால் டிபி. அதை மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, குழாயும் பூஜையில். சாமானும் பூஜையில்.

செவந்தி மழை

எடுத்து மாட்டிவிடுங்கள், இன்று ஒரு நாள் சாமி மன்னிக்கும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் வீட்டுக்காரரின் ஆலைக் கதை எனக்குத் தெரியும்.

அவர் ஆகுர்டியில் ஃபிட்டராக இருந்தபோது நடந்தது. ஆலையில் பூஜை அன்று மெஷின்களுக்கெல்லாம் மாலை போட்டு நிறுத்திவிடுவார்கள். ஒரு வருஷம் புதிதாக வந்த ஆபீசர், அவசர ஆர்டர் இருக்கிறது, ஒரு லேத்தையாவது ஓட்டுங்கள் என்றாராம். யாரும் அசையவில்லை. அவரே போய் ஸ்விட்சைப் போட்டிருக்கிறார். மாலை சுற்றிக்கொண்டு பிய்ந்து பட்டறை முழுக்கச் செவந்தி மழை. மழை ஓய்ந்தபோது ஆபீசர் தலை, தோள், சட்டைப் பை எல்லாம் இதழாக, ஊர்வலத்துக்குக் கிளம்பின உற்சவர் மாதிரி நின்றாராம். யாரோ ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதிலிருந்து அந்த ஆபீசரே முன்னால் நின்று சூடம் காட்டுவார்.

பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை போடாமல் தொடக் கூடாது. இது என் வீட்டுக்காரரின் சட்டம். தொட்டால் அந்தப் பொருள் அதற்குப் பிறகு உழைக்காது என்பார்.

நான் எதற்கு இந்த ஆபீசர் கதைக்குப் போனேன்? ஆமாம், உற்சவர். அது இப்போது வரும்.

குருக்களின் தீர்ப்பு

துணிக்கொடி மூலையில் மூவரும் ஒட்டி நின்று கோயில் குருக்களுக்குப் போன் போட்டோம். அங்கே காருக்கும் ஆட்டோவுக்கும் பூஜை நடந்துகொண்டிருந்தது. ஹாரன் சத்தத்துக்கும் பூசணிக்காய் உடைபடுகிற சத்தத்துக்கும் நடுவே அவர் பேசினார்.

ரூட்டரை எடுக்கலாமா என்று மதி கேட்டாள். எடுக்கக் கூடாது என்றார். இலையில் இருக்கிறபடியே வயரை மாட்டலாமா என்று கேட்டாள். ஓய்வில் இருப்பவரை எழுப்பாமல் வேலை வாங்குவதா என்று கேட்டார். மதி மூச்சை இழுத்துவிட்டு, குருக்களே, நெட் என்பது இந்தப் பெட்டிக்குள் இல்லை, வெளியிலிருந்து வருகிறது என்று தண்ணீரையும் குழாயையும் மறுபடி சொன்னாள்.

"அப்ப நெட்டு பூஜையில இல்ல. பெட்டிதான் இருக்கு."

"ஆமா."

"வச்சத எடுக்கப்படாது. வைக்காததப் பத்தி எனக்கென்னம்மா. வேற வழியா வந்தா வாங்கிக்கோங்க."

என் வீட்டுக்காரர் அப்போது படங்களைப் பற்றிக் கேட்டார். கறுப்புப் பெட்டியும் பூஜையில் இருக்கிறதே, அதற்குள் இருக்கும் படங்களைக் காட்டலாமா. அந்தப் படங்களுக்கு ஒரு நகல் கிளவுடில் இருக்கிறது என்றாள் மதி. கிளவுடு என்றால் மேகம்தான், ஆனால் வானத்தில் ஒன்றும் இல்லை. வேறு ஏதோ ஊரில் ஒரு கம்பெனியின் பெரிய பெரிய ஹார்ட் டிஸ்குகள். நம்முடையது கெட்டுப்போனாலும் பத்திரமாக இருக்கட்டும் என்று அங்கே ஒரு பிரதி வைப்பது. பிரதி எடுத்து வைப்பதற்கு பேக்கப் என்று பெயர்.

மூலம் பூஜையில் இருக்கும்போது நகலைத் தொட்டால் அதுவும் தொட்ட மாதிரி ஆகாதா என்று இவர் விடவில்லை.

"ஐயா, மூலவர் கர்ப்பகிரகத்த விட்டு எங்கயாவது நகர்றாரா? உற்சவர் தெருவெல்லாம் சுத்தி வர்றார். நாலு பேர் பாக்கறதுக்குத்தான உற்சவர வச்சிருக்கு," என்றார் குருக்கள். யாருடைய காரோ பின்னால் நகர்ந்திருக்க வேண்டும், எலுமிச்சை, எலுமிச்சை என்று கத்திக்கொண்டே போனை வைத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் முகம் தெளிந்தது. "அப்ப கிளவுடுல இருக்கது உற்சவரு."

"ஆமாப்பா," என்றாள் மதி. அவள் கண்ணில் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக இருந்தன. "இப்ப நெட் மட்டும்தான் வேணும்."

தூக்கோடு போனேன்

எதிர் வீட்டில் இருப்பவர் சுனந்தா. மராட்டிக்காரர். அவர்கள் வீட்டில் புத்தகம், கருவிகளுக்குப் பூஜை மறுநாள், தசரா அன்றுதான். அதனால் அவர்கள் பெட்டி அன்று முழு வேலையில் இருந்தது. இதை நான்தான் சொன்னேன். சொன்ன குற்றத்துக்கு நானே போய்க் கேட்க வேண்டியதாயிற்று. மதி புடவை கட்டப் போய்விட்டாள். என் வீட்டுக்காரருக்கு யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை.

எனக்குப் பேச்சு வராது. அதுவும் மராட்டி காய்கறிக்காரரிடம் பேசுகிற அளவுதான். சுனந்தாவும் நானும் அதுவரை லிஃப்டில் சிரித்துக்கொண்டதோடு சரி. பக்கத்து வீட்டில் நான் கேட்டு வாங்கியதெல்லாம் சர்க்கரை, மோர், கொஞ்சம் புளி. வெறுங்கையோடு போகக் கை கூசியது. அதனால் மதியின் போனோடு ஒரு சின்னத் தூக்கையும் எடுத்துக்கொண்டு போனேன்.

"காய் பாஹிஜே, காகூ?" என்றார். என்ன வேண்டும் என்று கேட்கிறார். காகூ என்றால் சித்தி முறை.

நான் தூக்கை நீட்டி, கொஞ்சம் நெட் வேண்டும் என்றேன்.

அவர் தூக்குக்குள் எட்டிப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். நாலு மணி, மகள், மாப்பிள்ளையின் அம்மா, பூஜை என்று எனக்குத் தெரிந்த மராட்டியையும் இந்தியையும் கலந்து சொன்னேன். கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கேலி இல்லை அது, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வைஃபைக்கு பாஸ்வேர்டு வேண்டும். வீட்டுச் சாவி மாதிரி, ஆனால் வாயால் சொல்கிற சாவி. சுனந்தாவால் அதைச் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அவர் வீட்டுக்காரரின் பெயர்தான் பாஸ்வேர்டு. கட்டினவர் பெயரை அவர் வாயால் சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை, இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்த ஒரு விஷயத்துக்கு மொழி தேவைப்படவில்லை. மதியின் போனை வாங்கி அவரே அமுக்கிக் கொடுத்தார். அமுக்கும்போது திரையைக் கையால் மறைத்துக்கொண்டார், வெட்கத்தில்.

தூக்கை வெறுமனே திருப்பக் கூடாது என்று சாபுதானா கிச்சடி, அதாவது ஜவ்வரிசிக் கிச்சடி போட்டுக் கொடுத்தார்.

இதில் ஒரு பழைய ஞாபகம். அந்தக் காலத்தில் போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்து பி.பி. என்று ஓரமாக எழுதுவார்கள். ஆகுர்டியில் எங்கள் பி.பி. நம்பர் ஒரு டைம்கீப்பர் வீட்டுடையது. எங்கள் ஊர் சங்கரன்கோவிலிலிருந்து போன் வந்தால் அவர்கள் ஜன்னல் கம்பியில் கரண்டியால் தட்டுவார்கள், நான் ஓடுவேன். அவ்வளவு பேர் முன்னால் என் அண்ணனிடம் சௌக்கியமா என்பதைத் தவிர ஒன்றும் கேட்க வராது. எங்கள் வைஃபையும் அன்று பி.பி. வைஃபைதான்.

லிஃப்ட் வாசலில் பெண் பார்த்தல்

வைஃபை தாளிக்கிற வாசனை மாதிரி. கிட்ட இருந்தால் தூக்கும், ஒரு சுவர் தாண்டினால் குறையும், இரண்டு சுவர் தாண்டினால் போய்விடும். சுனந்தா வீட்டு வைஃபை எங்கள் வாசல்படி வரைக்கும்தான் வந்தது. அவர் வீட்டுக்குள் உட்காரலாம் என்றால் அன்று அங்கே மஞ்சள் குங்குமத்துக்கு ஊரையே அழைத்திருந்தார்.

அதனால் நடைவழியில் லிஃப்டுக்கு முதுகைக் காட்டிப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மூவரும் உட்கார்ந்தோம். மதி பச்சைப் புடவையில் நடுவில். எதிரே செருப்பு ஸ்டாண்டின் மேல் கிச்சடித் தூக்கு, அதில் சாய்த்து வைத்த போன்.

நாலு மணி ஆயிற்று. போனில் எங்கள் மூன்று முகம் மட்டும் தெரிந்தது.

லிஃப்ட் திறக்கும். சுனந்தா வீட்டுக்கு வருகிற பெண்கள் பட்டுப் புடவையில் வெளியே வருவார்கள். எங்களைப் பார்த்து, வரவேற்க உட்காரவைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நின்று வணங்கிவிட்டுப் போவார்கள். திரும்பிப் போகிறவர்கள் எனக்கும் மதிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். ஒரு பெண்மணி போனுக்கும் வைக்கப் பார்த்தார். பார்சல்காரர் ஒருவர் என் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். யாருடைய பார்சல் என்று இன்றுவரை தெரியாது.

நாலேகால் ஆயிற்று. நெட் சரியில்லையோ என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"நம்ம பக்கம் சரியா இருக்குப்பா. சர்வர் வரைக்கும் போயாச்சு. அவங்கதான் வரல."

சர்வர் என்றால் என்ன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நாம் நேராக அவர்கள் வீட்டுக்குப் போவதில்லை, அவர்களும் நம் வீட்டுக்கு வருவதில்லை. நடுவில் எங்கோ ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருக்கிறது, கல்யாண மண்டபம் மாதிரி. இரண்டு வீட்டாரும் அங்கே வந்து சேர வேண்டும். நாங்கள் வந்து உட்கார்ந்துவிட்டோம். மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை.

சுந்தருக்குப் போன் செய்ய வழியில்லை. அவர் ஆலையில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், ஷிஃப்ட் முடிந்தால்தான் கையில் வரும். திருச்சி அம்மாவின் நம்பரை மதி அதுவரை யாரிடமும் கேட்டதில்லை.

நாலரை. மதி போனில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் குங்குமத்துக்கு மேல் குங்குமமாக ஏறியிருந்தது.

"அப்பா, நீங்க உள்ள போங்க," என்றாள் மெதுவாக. "கால் வலிக்கும். அவங்களுக்குக் காரணம் கெடச்சிருச்சு போல."

அவர் எழுந்து உள்ளே போனார்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்கும் எனக்குக் கூச்சம்தான். அப்போது உள்ளேயிருந்து அவர் வந்தார். இரண்டு கையாலும் ஒரு தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு வந்தார். தாம்பாளத்தில் ரூட்டர். கொம்புக்கு நடுவே செவந்திப் பூ அப்படியே இருந்தது. அவர் நடந்து வந்ததில் கொம்பு இரண்டும் ஆடின.

"மாட்டிரு மதி," என்றார். "அந்த வீட்டு நெட்டு பத்தல போல. நம்மளத மாட்டு. சாமிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

மதி எழுந்து நின்றுவிட்டாள். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர் பூஜையில் வைத்த எதையும் மறுபூஜைக்கு முன் தொட்டு நான் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்துப் போனில் நாலாவதாக ஒரு முகம் வந்தது.

இரண்டு வீட்டிலும்

வியர்த்த முகம். மூச்சு வாங்கியது. தலைக்குப் பின்னால் சுவரில் பெரிய ஏசுநாதர் படம், அதன் மேல் சின்னச் சின்ன விளக்கு. மதி திருதிருவென்று என்னைப் பார்த்தாள். இவர்கள் வேதக்காரர்கள் என்று சொல்லவே இல்லையே என்று என் வீட்டுக்காரர் என் காதில் கேட்டார்.

அந்த அம்மா எங்களைவிடத் திகைத்திருந்தார். அவர் பார்த்தது லிஃப்ட் கதவு, எங்கள் பின்னால் மூக்கில் பெரிய நத்து போட்ட மராட்டிப் பெண்கள் நாலு பேர், கையில் தாம்பாளத்தோடு ஒரு பெரியவர்.

"தப்பான நம்பருக்கு வந்துட்டனா?" என்றார்.

"இல்லம்மா, நான்தான் மதி," என்றாள்.

அந்த அம்மாவின் பார்வை தாம்பாளத்திலேயே இருந்தது. முகத்தைத் திரைக்கு ரொம்பக் கிட்டக் கொண்டுவந்தார், ஒரு கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

"அண்ணா, உங்க கையில இருக்கறது வைஃபை பெட்டிதான?"

"ஆமா தாயி."

"பூஜையில வச்சிருந்தீங்களா?"

"ஆமா."

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். அவர் வீட்டுப் பெட்டியும் காலையிலிருந்து பூஜையில். மகன் முதல் நாளே போனில் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார், அம்மா ரூட்டரை வைக்காதே என்று. தையல் மெஷினும் கிரைண்டரும் இருக்கும்போது அதை மட்டும் விட மனசு வரவில்லையாம். அவர் போனில் நெட்டுக்குப் பணம் போடுவதில்லை. நாலு மணி ஆனதும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வெளியில் சொல்ல வெட்கம். கடைசியில் மாடியில் குடியிருக்கிற டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டி, கிறிஸ்தவர்களாயிற்றே, அங்கே பெட்டி வேலை செய்யும் என்று ஓடி வந்திருக்கிறார். கையில் ஒரு கிண்ணத்தில் சுண்டல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் நெட் கேட்டாராம்.

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். முகம் மாறிவிட்டது.

"அண்ணா, மறுபூஜை போடாம எடுத்துட்டீங்களா?"

காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எடுத்துட்டேன் தாயி. பிள்ளைக்காக எடுத்தேன். இன்னும் மாட்டல."

அந்த அம்மா வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"மாட்டாதீங்க," என்றார். "திரும்பக் கொண்டுபோய் வச்சிருங்க. ஒண்ணும் அவசரமில்ல. நீங்க வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

அவர் தாம்பாளத்தோடு உள்ளே போனார். அந்த அம்மா மதியைப் பார்த்து, உங்கள் வீட்டில் என்ன சுண்டல் என்று கேட்டார்.

அப்புறம் உற்சவர் புறப்பாடு. மதி கிளவுடிலிருந்து படம் படமாக இறக்கிக் காட்டினாள். அங்கிருந்து நமக்கு இறங்கினால் டவுன்லோட், நம்மிடமிருந்து அங்கே ஏறினால் அப்லோட். எங்கள் லிஃப்டும் அன்று ஏறி இறங்கிக்கொண்டேதான் இருந்தது.

தசரா

மறுநாள் காலை மறுபூஜை போட்டு எங்கள் பெட்டியை எடுத்து மாட்டினோம். சந்தனம் காய்ந்து ஒரு ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது. மதி ஊக்கால் சுரண்டி எடுத்தாள். பச்சைக் கண் சிமிட்டியது.

கொஞ்ச நேரத்தில் காலிங் பெல் அடித்தது. சுனந்தா. ஆப்டா இலையைத் தங்கம் என்று சொல்லி என் கையில் கொடுத்தார், இங்கே தசராவுக்கு அது வழக்கம். இன்னொரு கையில் ஒரு கிண்ணம் வைத்திருந்தார்.

அவர்கள் வீட்டுப் பெட்டிக்கு அன்று மாலை போட்டாயிற்றாம். கொஞ்சம் நெட் வேண்டுமாம்.

எங்கள் பாஸ்வேர்டு என்ன என்று மதியைக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, நீ சொல்லமாட்டாய் அம்மா, நானே போட்டுக் கொடுக்கிறேன் என்றாள். நான் கிண்ணத்தில் கொண்டைக்கடலைச் சுண்டல் போட்டுக் கொடுத்தேன்.

இதில் எது சரி எது தப்பு என்று கம்ப்யூட்டர் தெரிந்த வாசகர் யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு டிபிக்கு ஆயிரம் ஜிபிதானா, இல்லை கொஞ்சம் கூடவா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஐபி விலாசத்தைக் கொடுப்பது ரூட்டர்தானா என்பதும். சந்தனம் அடைத்துக்கொண்ட அந்த ஓட்டைக்கு ஒரு பெயர் சொன்னார்கள், அது மறந்துவிட்டது. மதியைக் கேட்கலாம் என்றால் அவள் இப்போது தளேகாவில் இருக்கிறாள், ஆபீஸ் நேரத்தில் கூப்பிட எனக்குத் தயக்கம். திருச்சிக்குப் போன் போட்டுச் சம்பந்தியம்மாவைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அவர் பெட்டியில் இன்னும் சந்தனம் இருக்கிறதாம்.